ஆறு எண்களில் ஒரு நிரல்

012700, 172526, 010040, 012740, 060003, 000777. இந்த ஆறு எண்களையும் வரிசை பிசகாமல் தட்டினால், 1975இல் வெளிவந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பு நம் மடிக்கணினியில் இறங்கத் தொடங்கும். பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கிய அந்த இயங்குதளம் அன்று பல்கலைக்கழகங்களுக்குக் காந்த நாடாவில் போனது. நாடாவைப் படிக்கத் தெரியாமல் நிற்கும் பிடிபி-11 கணினிக்கு, முன்பலகைச் சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளி இந்த எண்களைக் கையால் ஊட்டினார்கள். இன்று பாப் சுப்னிக் தொடங்கிவைத்த சிம்ஹெச் எமுலேட்டரில் விசைப்பலகை போதும். எண்கள் மட்டும் அதேதான்.

ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால்தான் அழகு தெரியும். நாடாக் கருவியின் மூன்று ரெஜிஸ்டர்கள் அடுத்தடுத்த முகவரிகளில் இருக்கின்றன: மேலே நினைவக முகவரி, நடுவில் பைட் எண்ணிக்கை, கீழே கட்டளை. முதல் இரண்டு எண்கள் மேல் ரெஜிஸ்டரைச் சுட்டுகின்றன. ஆனால் அதில் எதையும் எழுதுவதில்லை. ரீசெட் செய்த கணினியில் அங்கே பூஜ்யம்தான் இருக்கும், வேண்டியதும் பூஜ்யம்தான். மூன்றாவது எண், 010040, ஒரு படி இறங்கி எண்ணிக்கைக்கான இடத்தில் அந்த முகவரியையே எழுதிவிடுகிறது! எண்ணிக்கை எதிர்மறையாக இருக்க வேண்டும் என்பது கருவியின் விதி. கருவிகளின் முகவரிகள் உச்சியில் இருப்பதால், அவற்றை எண்ணாகப் படித்தால் எதிர்மறையாகவே வரும். அளவு துல்லியமாக இருக்க வேண்டியதுமில்லை. 512 பைட் தொகுதி முடிந்ததும் நாடா தானே நிற்கும். ஆக, ஓர் எண் மிச்சம். சுவிட்சு தள்ளிய விரல்களுக்கு அந்த ஒன்றின் அருமை தெரிந்திருக்கும்.

அடுத்த இரண்டும் இன்னொரு படி இறங்கி ‘படி’ என்று ஆணையிடுகின்றன. கடைசி எண் தன்னிடமே திரும்பத் திரும்பத் தாவி, நாம் நிறுத்தும்வரை காத்து நிற்கிறது. கண்ட்ரோல்-ஈ அழுத்தினால், 100012இல் நிற்பதாக சிம்ஹெச் சொல்லும். 100000இல் தொடங்கி, ஓர் எண்ணுக்கு இரண்டு முகவரிகள் வீதம் எட்டடிமானத்தில் எண்ணினால், ஆறாவது எண்ணின் இருப்பிடம் அது.

பிறகு, தொகுதி இறங்கிய பூஜ்ய முகவரியிலிருந்து ஓட்டினால், திரையில் ஒரே ஒரு = குறி வரும். வரவேற்பு வாசகம் எதுவும் கிடையாது. நாடாவிலிருந்து வட்டுக்குப் படியெடுக்கச் சொன்னால் மூன்று கேள்விகள்: வட்டில் எங்கே, நாடாவில் எங்கே, எத்தனை. முதலில் 1 தொகுதி, தொடக்க நிரலுக்கு. அடுத்து 3999. ஆர்கே05 வட்டில் உள்ளவை 4872 தொகுதிகள். முதல் 4000 தொகுதிகள் தொடக்க நிரலுக்கும் கோப்புகளுக்கும். மீதி 872, நினைவகம் போதாதபோது நிரல்களை ஒதுக்கிவைக்கும் இடம். முழு இயங்குதளமும் அந்த ஒதுக்கிடமும் இரண்டரை மெகாபைட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. இந்தக் கச்சிதத்தை எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

உள்ளே நுழைந்ததும் தட்டச்சில் பிழை செய்து பாருங்கள். அழிக்க # குறி, வரி முழுவதையும் கைவிட @ குறி. அன்று முனையமாக இருந்த ஏஎஸ்ஆர்-33 டெலிடைப் காகிதத்தில் மை பதித்தது, விழுந்த எழுத்தை எடுக்க முடியாது. அழித்ததற்கும் ஒரு குறி விழும், அவ்வளவே. அந்தக் கருவிக்குச் சிற்றெழுத்துகளும் கிடையாது. அதனால் சொல்லி மாற்றும்வரை யூனிக்ஸ் பேரெழுத்திலேயே பேசுகிறது. திரைக்கு இந்த வழக்கம் எதுவும் தேவையில்லை என்றாலும் எமுலேட்டர் ஒன்றையும் திருத்தவில்லை. அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

2002இல் கால்டெரா நிறுவனம் இந்தப் பழைய பதிப்புகளின் உரிமத்தைத் தளர்த்தியதால் இன்று யாரும் நிறுவிப் பார்க்கலாம். ஏற்கெனவே நிறுவிய வட்டுப் படிமங்களும் கிடைக்கின்றன. அவற்றில் ஓட்டம் மட்டும்தான் கிடைக்கும். நாடாப் படிமத்தை எடுத்துக்கொண்டு, ஆறு எண்களையும் நீங்களே தட்டுங்கள்.