அம்மா என்று கூப்பிடாத குழந்தை

நமது கதைகளில் வரும் அநாதைக் குழந்தைகள் அநேகமாக எல்லோரும் நல்ல குழந்தைகள். ரயிலடியில் கண்டெடுத்தாலும் சரி, வெள்ளத்தில் அடித்துக்கொண்டு வந்தாலும் சரி, வீட்டு வாசல்படியில் கால் வைத்த மறுநாளே எஜமானியை ‘அம்மா’ என்று அழைத்துவிடும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஆசிரியர் அத்தனை தூரம் குழந்தையைத் தூக்கி வந்திருக்கிறார் என்பது வாசகருக்கும் தெரியும். கைக்குட்டை நனைகிறது, கதை முடிகிறது. அதற்கு முன் அந்தக் குழந்தை பட்ட பாடெல்லாம் எங்கே போயிற்று என்று யாரும் கேட்பதில்லை.

கேட்ட ஒரு பெண்மணியை நான் ஆயக்குடியில் சந்தித்தேன். பழனிக்குப் பக்கத்தில், கொய்யாப்பழச் சந்தைக்குப் பேர் போன ஊர். நாலு பேர் கூடியிருந்த ஒரு வாசகர் கூட்டத்தில் நாவலைப் பற்றி ஏதோ பேசிவிட்டு எழுந்தபோது அந்த அம்மாள் அருகில் வந்தாள். அவளும் புருஷனும் ஒரு குழந்தையை வீட்டில் வைத்து வளர்க்கலாமா என்று திண்டுக்கல்லில் விசாரித்து வந்திருக்கிறார்கள். தத்து இல்லை; கொஞ்ச காலத்துக்கு. “ஏங்க சார், கதையிலே வர்ற பிள்ளைங்க எல்லாம் ரெண்டே நாள்லே அம்மான்னு கூப்பிட்டுடுதுங்க. கூப்பிடாத பிள்ளையைப் பத்தி யாராச்சும் எழுதியிருக்காங்களா?” என்று கேட்டாள். சட்டென்று ஒரு தமிழ் நாவலின் பெயரும் என் வாயில் வரவில்லை.

அவள் விசாரித்த விஷயத்துக்கு வளர்ப்புப் பராமரிப்பு என்று பெயர். 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தில் 44-ஆவது பிரிவு அதைச் சொல்லுகிறது. பெற்றவர்கள் சிறையில் இருக்கலாம். தீராத வியாதியில் கிடக்கலாம். அடித்தே குழந்தையைப் பாழாக்கியிருக்கலாம். மாவட்டக் குழந்தைகள் நலக் குழு அந்தக் குழந்தையை இல்லத்தில் போடாமல் ஒரு குடும்பத்தில் ஒப்படைக்கிறது. மாதா மாதம் போய்ப் பார்க்கிறது. வாத்சல்யா திட்டத்தில் குழந்தைக்கென்று மாதம் 4,000 ரூபாய் உண்டு. கல்யாணம் ஆகாதவர்களும் கணவனை இழந்தவர்களும் வளர்க்கலாம் என்று 2024-இல் வந்த நெறிமுறைகள் வழி திறந்திருக்கின்றன. இரண்டு வருஷம் வளர்த்த பிறகு, குழந்தை சட்டப்படி தத்துக்கு உரியதானால் தத்தெடுக்கவும் கேட்கலாம். ஆனால் அதுவரை குழந்தை உங்களுடையதல்ல. நாளைக்கே பெற்றவள் தேறி வந்தால் திருப்பித் தரவேண்டும். இதைவிட நாவலுக்கு ஏற்ற நிலைமை வேறு என்ன வேண்டும்?

வீட்டுக்கு வரும் குழந்தை எப்படியிருக்கும் என்பதும் தெரியாத ரகசியமல்ல. யுத்த காலத்தில், லண்டனில் ஹாம்ப்ஸ்டெட் என்ற இடத்தில் அன்னா பிராய்டும் டாரதி பர்லிங்ஹாமும் குழந்தை விடுதிகள் நடத்தினார்கள். குண்டு விழுந்ததைவிடத் தாயைப் பிரிந்ததுதான் குழந்தைகளை அதிகம் உலுக்கியது என்று கண்டார்கள். உடனே விடுதிக் குழந்தைகளை நாலைந்து பேராகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு தாதியைத் தாயாக வைத்தார்கள். நமது கதாசிரியராக இருந்தால் இங்கே வீணை வாசிக்கச் சொல்லுவார். நடந்தது வேறு. அதுவரை சாதுவாக இருந்த குழந்தைகள் பொறாமைப்பட்டன. தாதியின் முந்தானையை விடாமல் பிடித்துக்கொண்டு அலறின. அவள் அறையைவிட்டு வெளியே போனால் ஆர்ப்பாட்டம் செய்தன. கூடவே, வளரவும் ஆரம்பித்தன. சாதுவாக இருந்தது குணமல்ல, ஒருவரையும் நம்பாததன் அடையாளம் என்று அப்போதுதான் புரிந்தது. ருமேனியாவில் 2000-ஆம் வருஷம் தொடங்கி, விடுதிகளிலிருந்த 136 சிசுக்களைக் கொண்டு செய்த ஆராய்ச்சியும் இதன் பக்கத்துணைதான். குடும்பங்களுக்குப் போன பாதிப் பேர் புத்தியிலும் பாசத்திலும் தேறினார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்கள் அதிகம் தேறினார்கள்.

சோற்றைத் தலையணைக்கடியில் ஒளித்துவைக்கும் குழந்தை, முத்தமிட வந்தால் கடிக்கும் குழந்தை, அன்பு காட்டக் காட்டப் பாத்திரத்தை உடைக்கும் குழந்தை: இவை கதைக்குள் வந்தால் ‘கெட்ட ரத்தம்’ என்று ஒரு கிழவி சொல்லுவாள். ஆசிரியரும் அவளை மறுப்பதில்லை. இந்த ரத்தப் பைத்தியம் நமக்கு மட்டும் உரியதல்ல. டிக்கன்ஸின் ஆலிவர், அநாதை விடுதியில் அடிபட்டுப் பட்டினி கிடந்தும் கனவான் மாதிரிப் பேசுகிறான். கடைசியில் பார்த்தால் நல்ல குடும்பத்துப் பிள்ளை! நம்மிடம் கர்ணன் இருக்கிறான். வியாச பாரதத்தில் பிறப்பு ரகசியத்தைக் கிருஷ்ணன் சொன்னதும் அவன் நினைப்பது ராதையைத்தான். தன் மலஜலத்தை எடுத்தவளை விட்டு எப்படி வருவேன் என்கிறான். ஆனால் 1964-இல் வந்த ‘கர்ணன்’ படத்தைப் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு ராதையின் முகம் நினைவிருக்கிறது? கண்ணீரெல்லாம் குந்திக்குப் போய்விட்டது.

தாகூர் ‘கோரா’வில் வேறு விதமாகச் செய்தார். 1857 கலகத்தில் அநாதையான வெள்ளைக்காரக் குழந்தை அது. அதை மடியில் வாங்கிக்கொண்ட நாள் முதல் ஆசாரத்தை விட்டுவிடுகிறாள் ஆனந்தமயி. மாறியவள் தாய். குழந்தை மாறி நன்றி காட்டவேண்டும் என்ற நிபந்தனை அங்கே இல்லை. அந்த நாவலை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அலுக்காததற்கு இதுவே முக்கியக் காரணம்.

நம் பழம் பாட்டிலும் இந்த நுட்பம் இருந்தது. பெரியாழ்வார் யசோதையாக நின்று பாடினார் என்றால், குலசேகர ஆழ்வார் பெற்றும் வளர்க்கக் கொடுத்துவைக்காத தேவகியாகப் புலம்பினார். இரண்டு தாயாருக்கும் நியாயம் உண்டு, ஒருத்தியை வில்லியாக்க வேண்டியதில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சினிமாவிலும் ஒரு விதிவிலக்கைச் சொல்லவேண்டும். 2002-இல் வந்த ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்துச் சிறுமி, தான் வளர்ப்புக் குழந்தை என்று தெரிந்ததும் நன்றி சொல்லுவதில்லை. கோபப்படுகிறாள், ஓடிப்போகிறாள், பெற்றவளைக் காட்டு என்கிறாள். நல்ல காரியம். ஆனாலும் அது தத்தின் கதை. அங்கே குழந்தையைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய சங்கடம் இல்லை.

ஆயக்குடி அம்மாள் எதிர்பார்த்தது அந்தச் சங்கடத்தைச் சொல்லும் புஸ்தகத்தை. மூன்றாம் மாதம் குழந்தை முதல் தடவையாக அடம்பிடித்து அழும்போது, அது தோல்வியல்ல என்று அவளுக்குச் சொல்லக்கூடிய புஸ்தகம். இரண்டு வருஷம் தலைவாரிவிட்ட பிள்ளைக்குத் துணிப்பை கட்டிக் கொடுத்து வாசலில் நிற்கும் நாளையும் அது விட்டுவிடக் கூடாது. கண்ணனை ஏற்றிக்கொண்டு தேர் வடமதுரைக்குப் போயிற்று (நம் திண்டுக்கல் பக்கத்து வடமதுரை அல்ல). அன்று சாயங்காலம் உறியில் மிச்சமிருந்த வெண்ணெயை யசோதை என்ன செய்தாள் என்று எழுத, நம்மில் யாராவது ஒருவர் உட்காரலாம்.