அறுபடாத மூக்கு

திருவேற்காட்டில் எங்கள் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. சென்ற ஆடி மாதம் அவளுடைய தாயார் என் வீட்டுக்கு வந்தார். "நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க. மூக்கை ஆபரேஷன் பண்ணிக்கப் போறேன்னு நிக்கிறா. சீட்டு எடுத்த பணத்தை அதுக்குன்னு வச்சிருக்கா" என்று கண் கலங்கினார்.

எடுத்துச் சொல்லுவதில் எழுத்தாளனுக்குச் சலிப்பு ஏது? வெள்ளைக்காரன் போய்விட்டான், அவன் மூக்கு மட்டும் இங்கே தங்கிவிட்டது என்றெல்லாம் அரைமணி நேரம் பேசினேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "உங்க நாவல் அத்தனையும் படிச்சிருக்கேன் மாமா. சப்பை மூக்கோட ஒரு கதாநாயகி உண்டா?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் வரவில்லை. அன்று சொல்லத் தெரியாததைத்தான் இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். மூக்கைச் செப்பனிடும் வித்தை மேல்நாட்டிலிருந்து வந்ததன்று. கன்னத்துத் தோலை எடுத்து மூக்கு அமைக்கும் முறை சுச்ருத சம்ஹிதையிலேயே இருக்கிறது. மூன்றாம் மைசூர் யுத்தத்தின்போது ஆங்கிலேயர் படைக்கு மாட்டு வண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்புவின் படையினரிடம் சிக்கி, மூக்கும் ஒரு கையும் அறுபட்டுத் திரும்பினார். பூனாவில், செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர், மெழுகுத் தகட்டை வைத்து அளவெடுத்து, நெற்றித் தோலைக் கீழே மடக்கி அவருக்குப் புதிய மூக்கு அமைத்தார். 1794-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் இந்தச் செய்தி படத்தோடு வந்தது. அதைப் படித்த கார்ப்யூ என்ற ஆங்கில வைத்தியர் 1814-ல் அதே முறையைச் செய்து பார்த்து வெற்றி கண்டார். மேல்நாட்டு மருத்துவம் இன்றும் அதை 'இந்திய முறை' என்றே சொல்லுகிறது.

மூக்கறுபடுவது என்றால் நம் பேச்சில் மானம் போவது. கவாஸ்ஜிக்குத் திரும்பக் கிடைத்தது வெறும் சதையன்று. நம் வேலூரிலும் அப்படித்தான். 1940-களின் கடைசியில் அங்கே கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தத் தொடங்கினார். பிறகு அமுங்கிய மூக்கையும் உதிர்ந்த புருவத்தையும்கூட அங்கே சரிசெய்து கொடுத்தார்கள். நோய் குணமான பிறகும் புருவம் இல்லாத முகத்தை ஊர் சேர்த்துக்கொள்ளாது. ஒரு புருவம் ஒரு மனிதனை அவன் வீட்டுக்குத் திருப்பி அனுப்பியது. அழகு சிகிச்சையை வீண் ஆடம்பரம் என்று ஒரே வார்த்தையில் தள்ளுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அங்கெல்லாம் ஒரு காயம் இருந்தது. வாளோ நோயோ செய்த காயம். எங்கள் தெருப் பெண்ணின் மூக்கை அறுத்தவர் யார்?

கொரியாவில் இதைப் போல ஒன்று நடந்தது. 1950-களில், அங்கே போரில் தீப்பட்ட முகங்களைச் சீர்செய்யப் போன மில்லார்ட் என்ற அமெரிக்க ரண சிகிச்சை நிபுணரிடம் ஒரு கொரிய மொழிபெயர்ப்பாளர் வந்து, தம் கண்களை அமெரிக்கர் கண்கள்போல் வட்டமாக்கித் தரும்படி கேட்டார். அவர் கண்ணில் பார்வைக் குறை ஏதும் இல்லை. ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்து அமெரிக்கர்கள் தம்மை நம்ப மறுக்கிறார்கள் என்பது அவர் குறை. வென்றவன் முகம் அளவுகோலாகிவிட்டால், மற்ற முகமெல்லாம் அளவுக்குக் குறைந்துபோகிறது. இன்று மேல்நாட்டில் பெரும்பாலும் மூக்கைக் குறைத்துக்கொள்ளுகிறார்கள். ஆசியாவில் சிலிக்கோன் வைத்து உயர்த்திக்கொள்ளுகிறார்கள். இரு சாராரும் போய்ச் சேர விரும்பும் மூக்கு ஒன்றுதான்.

ஆனால் பழியை முழுவதும் வெள்ளைக்காரன் தலையில் போட்டுவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. சங்கப் புலவர்கள் மாந்தளிரின் நிறத்தை 'மாமை' என்று போற்றினார்கள், உண்மைதான். ஆனால் மூக்குக்கு எள்ளுப்பூவை உவமை சொன்னதும் நம் புலவர்களே. எங்கள் ஊர் அம்மனுக்குப் பெயரே கருமாரி. ஆடி ஞாயிற்றுக்கிழமைகளில் பல ஊர்களிலிருந்து வந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறோம். கும்பிட்டுவிட்டு வெளியே வந்ததும், "பெண் நல்ல பெண்தான், நிறம்தான் கொஞ்சம் கம்மி" என்று சம்பந்தம் பேசுகிறோம். 1975-ல் சந்தைக்கு வந்த சிவப்பழகுக் களிம்பு 2020-ல் தன் பெயரை மாற்றிக்கொண்டது. கல்யாணத் தரகர்களின் பேச்சு மாறவில்லை.

தரகரைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அன்றிரவு என் நாவல்களை எடுத்து வைத்துப் புரட்டினேன். பதினொரு நாவல்கள். ஒன்பதில் கதாநாயகி செக்கச் செவேலென்றோ, எலுமிச்சை நிறத்திலோ, சந்தன நிறத்திலோ இருக்கிறாள். எல்லாருக்கும் எடுப்பான நாசி. சப்பை மூக்கும் இருக்கத்தான் செய்கிறது: சமையற்காரிக்கு, பொறாமைப்படும் தோழிக்கு, சிரிப்பு மூட்ட வருகிறவளுக்கு. கதாநாயகி நல்லவள் என்று காட்ட ஒரு சம்பவம் தேட வேண்டும். சிவப்பு என்று சொல்ல ஒரு சொல் போதும். சோம்பலால் நான் எழுதிய அந்த ஒரு சொல், கையில் என் புத்தகத்தோடு வீட்டு மூலையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் மூக்கை அறுத்திருக்கிறது. என் போன்ற கதாசிரியர்கள் பலரும் இப்படித்தான் எழுதினோம். சினிமாவையும் விளம்பரத்தையும் கடிந்துகொள்ளும்போது நம் பேனாவை மட்டும் மறந்துவிடுகிறோம்.

மறுநாள் அவளிடம், "வேண்டாம்" என்று சொல்லவில்லை. பிளாஸ்டிக் சர்ஜரிக்கென்று மேற்படிப்புப் படித்த டாக்டர்தானா என்று விசாரி, மயக்க மருந்து கொடுப்பவர் யார் என்று கேள் என்றுதான் சொன்னேன். 2016-ல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் பின் ஓர் இளைஞர் உயிரிழந்தது நினைவிருக்கிறது. மற்றபடி மூக்கு அவளுடையது, முடிவும் அவளுடையது. "நீ கேட்ட கதாநாயகி என் புத்தகத்தில் இல்லை அம்மா. அது என் தப்பு" என்றேன். அவள் சிரித்தாளே தவிர ஒன்றும் சொல்லவில்லை.

பழைய நாவல்களைத் திருத்தப் போவதில்லை. அவை சாட்சியாக இருக்கட்டும். இப்போது எழுதும் கதையில் நாயகி வந்து மூன்று அத்தியாயம் ஆகிறது. அவளுக்கு எங்கள் தெருப் பெண்ணின் மூக்கு. அதற்காக அவளைக் கண்டு யாரும் இரக்கப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. சீட்டுப் பணம் இன்னும் வங்கியில்தான் இருக்கிறது என்று தாயார் நேற்றுச் சொன்னார்.