டூப்ளிகேட் எனும் ஆவணம்

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் வாங்கி, பாகூர் வீட்டுப் பரணில் நான் சேர்த்திருக்கும் வீடியோ கேம் கேசட்டுகளைப் பார்த்து, 'எல்லாம் டூப்ளிகேட்தானே?' என்கிறார் நண்பர். ஆமாம். நம்ம ஊருக்கு ஒரிஜினல் எங்க வந்துச்சு?

1983இல் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாமில், கள்ளக் கேசட்டைத் தடுக்கும் பூட்டுச் சில்லு கிடையாது. அந்த ஓட்டை வழியேதான் தைவானில் மைக்ரோ ஜீனியஸ், ரஷ்யாவில் 1992இல் டெண்டி, நமக்குப் பெயரில்லாத பெட்டிகள்.

அட்டையில் 9999 ஆட்டம். உள்ளே சிலதுதான், பெயர் மாறி மாறி வரும். ஏமாத்துதான். ஆனால் முதல் திரையில் கம்பெனியின் உரிமை வரியை அழித்தவர் தன் பெயரையும் போட்டுக்கொள்ளவில்லை. ஒரிஜினலுக்கு மட்டும் விலைவைக்கும் சேகரிப்பு அந்த உழைப்பையும், மணிக்கணக்கில் காசு கொடுத்து ஆடிய வில்லியனூர்ப் பசங்களையும் சேர்த்தே அழிக்கிறது. அவர்களுக்கு வேறு ஆவணம் ஏது?