இன்ஜினைப் பார்க்காதீர்கள்

டீசல் இன்ஜினை இறக்கிவிட்டு அதைவிடச் சக்தி வாய்ந்த பெட்ரோல் இன்ஜினை ஏற்றிய கார் என்று சொன்னால் போதும், பார்க்க வந்தவர்கள் உடனே பானெட்டைத் திறக்கச் சொல்வார்கள். எத்தனை சிலிண்டர், எத்தனை குதிரைத்திறன் என்று கேட்பார்கள். அந்த வேலையின் அருமை அங்கே இல்லை என்பது என் கட்சி. இன்ஜின் யாரோ தொழிற்சாலையில் செய்து வைத்தது; காசு கொடுத்தால் கிடைக்கும். தனக்குத் தேவையில்லை என்று டீசல் இன்ஜின் அந்த வண்டியில் எதையெல்லாம் வைக்கவிடாமல் செய்திருந்ததோ, அதையெல்லாம் ஒன்றுவிடாமல் கண்டுபிடித்துக் கொண்டுவந்து சேர்ப்பதில்தான் மெக்கானிக்கின் கைத்திறன் தெரியும்.

மெர்சிடஸ் டபிள்யூ124 வரிசையை எடுத்துக்கொள்வோம். 1984இல் வந்தது. அதில் அடிமட்ட டீசல் 200டி: நான்கு சிலிண்டர், 2 லிட்டர், 72 குதிரைத்திறன், நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 18 வினாடிக்கு மேல். 1992இல் அதே உடம்பில் அதே நிறுவனம் வைத்த எம்104 என்ற ஆறு சிலிண்டர், 3.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜினுக்கு 220 குதிரைத்திறன். அதே வேகத்துக்கு 8 வினாடிகூட ஆகாது. இரண்டுக்கும் இடம் உண்டு, தாங்கும் பாகங்களும் பழைய கார்களில் கிடைக்கும் என்பதால் இது சுலபம் என்று தோன்றும். இன்ஜின் உட்காரும் வரை சுலபம்தான்.

அதற்குப் பிறகு தொடங்குகிறது விஷயம். இந்தப் பழைய டீசலில் காற்றை அடைக்கும் த்ராட்டில் தட்டு கிடையாது. காற்று தாராளமாக உள்ளே போகும். ஆக்சிலரேட்டர் கூட்டிக் குறைப்பது எரிபொருளின் அளவை மட்டுமே. அதனால் மேனிஃபோல்டில் சொல்லும்படியாக வாக்கூம் உண்டாகாது. பிரேக் பூஸ்டருக்கு வாக்கூம் வேண்டுமே என்று இன்ஜினிலேயே தனி பம்பு வைத்திருப்பார்கள். இன்ஜினை அணைப்பதும் அந்த வாக்கூம்தான். தீப்பொறியே இல்லாத இன்ஜினைத் தீப்பொறியை நிறுத்தி எப்படி அணைப்பது? சாவியைத் திருப்பினால் வாக்கூம் போய் இன்ஜெக்‌ஷன் பம்பை நிறுத்தும். பெட்ரோல் இன்ஜின் வந்ததும் இந்த ஏற்பாடு முழுவதும் வேலையற்றுப் போகிறது. பூஸ்டருக்கு மேனிஃபோல்டிலிருந்து வால்வோடு கூடிய ஹோஸ் வர வேண்டும். பழைய மெல்லிய குழாய்கள் வேரோடு வெளியேற வேண்டும். அரைகுறை வேலையில் அவை முனை அடைக்கப்பட்டு, டாஷ்போர்டுக்குப் பின்னால் அநாதையாகத் தொங்கும். நான் மதிப்பெண் குறைக்கும் முதல் இடம் அது.

எரிபொருளும் அப்படித்தான். டீசலில் இன்ஜினோடு ஒட்டிய சிறு பம்பு டேங்க்கிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். எம்104க்குப் பின் அச்சருகே மின்சார பம்பு வைத்து 3 பாருக்கு மேல் அழுத்தத்தில் தள்ள வேண்டும். இன்ஜின் நின்றால் பம்பும் நிற்கும்படி ரிலே வேண்டும். இல்லையேல் விபத்தில் அறுந்த குழாயிலிருந்து பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். டீசல் அவ்வளவாக ஆவியாகாது, பெட்ரோல் ஆகும். ஆகவே டேங்க்கின் ஆவியைப் பிடிக்கும் கரி டப்பாவும் அதற்கான குழாயும் சேர வேண்டும். போதாததற்கு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த எம்104இன் ஒயரிங்குக்கு ஒரு பிறவி நோய் உண்டு: கம்பியின் மேலுறை சூட்டில் மொறுமொறுத்து, விரல் பட்டால் உதிரும். அதை அப்படியே மாட்டுகிறவரும் உண்டு. புது ஹார்னஸ் போட்டிருந்தால் அவரை ஆசான் என்று கூப்பிடலாம்.

சக்தி மும்மடங்கானால் பின்னால் இருப்பதும் மாற வேண்டும். டிஃபரன்ஷியல், புரொப்பெல்லர் ஷாஃப்ட், பிரேக், முன் ஸ்பிரிங் எல்லாம் 3.2 லிட்டர் காருடையவையாக இருப்பதே முறை. டீசலின் டிஃபரன்ஷியலை விட்டுவைத்தால், நெடுஞ்சாலையில் இன்ஜின் வீணாகக் கத்திக்கொண்டே போகும். மலிவான 200டிக்களில் டேகோமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய கடிகாரம் இருக்கும். அதை மாற்றாமல் விட்டிருந்தால் நான் கோபிக்க மாட்டேன். அது குறும்பு, குறையல்ல.

இவ்வளவு பாடுபடுவதற்குப் பேசாமல் அந்த 3.2 லிட்டர் இன்ஜினோடு வந்த அசல் 320ஐயே வாங்கிவிடலாமே என்பார்கள். நியாயமான கேள்வி. கணக்குப் பார்த்தால் அதுதான் லாபம். ஆனால் உடம்பு துருப்பிடித்த 320 ஒருபுறமும் முதியவர் ஒருவர் பொத்திப் பொத்தி வைத்திருந்த 200டி மறுபுறமும் இருக்கும்போது, உடம்பு நல்லதைக் காப்பாற்றுவது வீண்வேலை ஆகாது. டீசலின் ஆயுளைச் சொல்லி மறுப்பவர்களும் உண்டு. 46 லட்சம் கிலோமீட்டர் ஓடிய கிரேக்க டாக்சி, ஒரு 240டி, மெர்சிடஸ் அருங்காட்சியகத்துக்கே போய்ச் சேர்ந்தது. அவர்களுக்கு என் பதில்: நன்றாக ஓடும் டீசலைத் தொடாதீர்கள். எரிபொருள் கூடுதலாகச் செலவாகும் என்பதற்கும் மறுப்பில்லை. புகை விஷயத்தில் மட்டும் வாதம் திரும்பிவிடுகிறது. 2008 முதல் பெர்லின், கொலோன் போன்ற நகரங்களின் சுற்றுச்சூழல் வட்டாரங்களில் பழைய டீசல்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள அதே காலத்துப் பெட்ரோல் கார்களுக்கு, அங்கே நுழைய விடும் பச்சை ஸ்டிக்கரே கிடைத்தது.

எல்லா மாற்றமும் கலையாகிவிடாது என்பதற்கு அமெரிக்காவில் சாட்சி உண்டு. ஓல்ட்ஸ்மொபில் 1978 முதல் 1985 வரை விற்ற 5.7 லிட்டர் டீசல், அதன் பெட்ரோல் வி8இன் அளவுகளை ஒட்டியே செய்யப்பட்டது. 22.5:1 அழுத்த விகிதத்துக்குப் பெட்ரோல் இன்ஜினின் போல்ட் எண்ணிக்கையே போதும் என்று விட்டதில் ஹெட் போல்ட்கள் நீண்டு, கேஸ்கெட்டுகள் போயின. பலர் பெட்ரோல் வி8ஐ ஏற்றிக்கொண்டார்கள். மவுண்டும் கியர்பாக்ஸ் முகப்பும் பொருந்தின. அது பழுதுபார்ப்பு. கைவிடப்பட்ட அந்தக் கனத்த டீசல் பிளாக்கைத் தேடி எடுத்து, அதற்குள்ளேயே பந்தயப் பெட்ரோல் இன்ஜினைக் கட்டினார்களே, கலை என்றால் அதைச் சொல்லலாம்.

கலை ஒருபுறம் இருக்க, சட்டத்தையும் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் இப்படி இன்ஜின் மாற்றினால் காரின் ஒப்புதலே காலாவதியாகும். நிபுணர் தனியாகச் சோதித்து ஏற்க வேண்டும். நம் நாட்டிலும் 1995 முதல் புனேயில் டபிள்யூ124 தயாரானது. டீசலும் உண்டு, பெட்ரோலும் உண்டு. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்று வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. இப்படி ஒரு கார் விலைக்கு வந்தால், பானெட்டைத் திறக்கும் முன் ஆர்.சி.யில் எரிபொருள் என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே இன்னும் டீசல் என்றே இருந்தால், வேலை எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள்.