பேயின் வாயும் பெண்ணின் வாக்கும்: மணவாழ்க்கை வன்முறையைச் சொல்லும் வடிவங்களின் மாற்றம் – மேல்மலையனூர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

கணவனால் மனைவிமீது இழைக்கப்படும் வன்முறை காலப்போக்கில் கூடியதா குறைந்ததா என்னும் வினாவுக்குக் கணக்கெடுப்பு எண்களைக் கொண்டே பெரும்பாலும் விடை கூறப்படுகிறது. அவ்வெண்கள் பெண்கள் சொன்னவற்றின் தொகுப்பு. ஆகவே எதைச் சொல்லலாம், யாரிடம் சொல்லலாம், எந்த வடிவத்தில் சொல்லலாம் என்பவை மாறும்போது எண்களின் பொருளும் மாறுகிறது. மேல்மலையனூர் அங்காளம்மன் தொன்மம், அவ்வழிபாட்டு மரபைச் சார்ந்த பேயோட்டுச் சடங்கு, பாமாவின் ‘சங்கதி’, குடும்ப வன்முறைச் சட்டத்தின் படிவம், இமையத்தின் ‘செல்லாத பணம்’ ஆகியவற்றை இக்கட்டுரை பெண் தன் துன்பத்தைச் சொல்லக் கிடைத்த வடிவங்களாகக் கொண்டு ஒப்பிடுகிறது. சொல்லும் வடிவம் பெரிதும் மாறியிருப்பினும், கேட்போரின் எதிர்பார்ப்பு பெண்ணை மீண்டும் கணவன் வீட்டில் சேர்ப்பதாகவே தொடர்கிறது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: மணவாழ்க்கை வன்முறை, அங்காளம்மன், பேயோட்டுதல், சங்கதி, செல்லாத பணம், தேசியக் குடும்பநல ஆய்வு, வாக்குமூலம்

முன்னுரை

தமிழ்நாட்டுப் பெண்கள் வீட்டிற்குள் படும் அடி உதை குறித்த மாநில அளவிலான எண்கள் ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்கே கிடைக்கின்றன. 1998-99இல் நடந்த இரண்டாம் தேசியக் குடும்பநல ஆய்வில், 15 வயதுக்குப் பின் அடிக்கோ கொடுமைக்கோ ஆளானதாகக் கூறிய மணமான பெண்கள் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர். 2005-06இல் நடந்த மூன்றாம் ஆய்வில், கணவனின் உடல்சார்ந்த அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானதாகக் கூறியோர் ஏறத்தாழ 42 விழுக்காட்டினர். 2019-21இல் நடந்த ஐந்தாம் ஆய்வில் இவ்வெண் ஏறத்தாழ 38 விழுக்காடு. இம்மூன்று ஆய்வுகளிலும் வினாக்கள் ஒன்றல்ல; வினவப்பட்டோரின் வயது வரம்பும் ஒன்றல்ல. எனினும் இவற்றை வரிசைப்படுத்தி ‘வன்முறை சிறிது குறைந்திருக்கிறது’ என்று எழுதும் வழக்கம் ஆய்வுலகில் நிலவுகிறது.

இவ்வாறு எழுதும்போது ஒரு படிநிலை விடுபடுகிறது. கணக்கெடுப்பாளர் அளப்பது வன்முறையை நேரடியாக அன்று; வன்முறை குறித்துப் பெண் கூறும் விடையை. அந்த விடைக்கு ஒரு வரலாறு உண்டு. கணக்கெடுப்பும் சட்டமும் வருவதற்கு முன்னரே மணவாழ்க்கைத் துன்பத்திற்கு ஊரறிந்த மொழியொன்று இருந்தது. அம்மொழி செயற்பட்ட இடங்களுள் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் செஞ்சி வட்டாரம் குறிப்பிடத்தக்கது. அவ்வட்டாரத்தின் வழிபாட்டு மையம் இன்றைய விழுப்புரம் மாவட்டத்திலுள்ள மேல்மலையனூர்.

1. சாபம் ஏற்ற மனைவி

மேல்மலையனூர்த் தலக்கதை பலரும் அறிந்தது. ஐந்து தலை கொண்ட பிரமனின் ஒரு தலையைச் சிவன் கொய்கிறான். அத்தலையோடு சிவனின் கையில் ஒட்டிக்கொண்ட கபாலம் அவனை இரந்துண்டு அலைய வைக்கிறது. கணவனின் தலை கொய்யப்பட்டதால் சினமுற்ற சரசுவதி, பார்வதி உருக்குலைந்து அலையுமாறு சபிக்கிறாள். பார்வதி மலையனூரை அடைந்து அங்காளியாகிறாள். அங்கே அவள் இறைத்த சோற்றை உண்ணக் கபாலம் கீழிறங்க, சிவன் விடுபடுகிறான். மாசி மாதம் சிவராத்திரியை அடுத்த அமாவாசையில் நிகழும் மயானக் கொள்ளை இக்கதையின் சடங்கு வடிவம்.

இக்கதை பெரும்பாலும் தேவியின் பேராற்றலைப் பாடும் கதையாகவே விளக்கப்பட்டுள்ளது. அவ்விளக்கம் தவறன்று. ஆயினும் கதையின் நிகழ்ச்சிக் கோவையைக் கூர்ந்து நோக்கினால் வேறொரு பொருளும் புலப்படும். தலையைக் கொய்தவன் கணவன். அதற்காகச் சாபம் ஏற்றவள் மனைவி. கணவனின் பித்தைத் தீர்க்கும் பொறுப்பும் அவளுடையது. சபிப்பவளும் மற்றொருவனின் மனைவியே. ஆணின் வன்செயலால் விளைந்த துன்பம் இரு பெண்களுக்கு இடையே பங்கிடப்படுகிறது. குடும்பத்தில் நேரும் கேட்டிற்குப் பெண்ணிடம் கணக்குக் கேட்கும் உலகியல் வழக்கத்தை இத்தொன்மம் அப்படியே கொண்டிருக்கிறது. அதே வேளையில் அவ்வாறு கணக்குக் கேட்கப்பட்டவளே கோயில் கொண்ட தெய்வமாகவும் உயர்கிறாள். துன்புற்ற பெண்கள் அங்காளியை நாடி வருவதன் காரணத்தை இவ்விரு தன்மையிலும் சேர்த்தே தேட வேண்டும்.

2. பேயின் வாய்

இவ்வழிபாட்டு மரபில் பேயோட்டும் பம்பைக்காரர்களின் சடங்கை இசபெல் நபோகோவ் தென்னார்க்காட்டுக் களப்பணியின் அடிப்படையில் விரிவாக எழுதியுள்ளார். அவரது ஆய்வுக் கட்டுரை 1997இலும் நூல் 2000இலும் வெளிவந்தன. பேய் பிடித்தோராகக் கொண்டுவரப்பட்டவர்களில் பெரும்பாலோர் அண்மையில் மணமான இளம்பெண்கள் என்பதும், அவர்களிற் பலர் கணவனோடு வாழ மறுத்தவர்கள் அல்லது விலகியிருந்தவர்கள் என்பதும் அவர் கண்டவை. பிடித்த பேய் பெரும்பாலும் காதல் நிறைவேறாமல் தற்கொலை செய்துகொண்ட இளைஞனின் ஆவி. பம்பை முழங்க, பெண் ஆடத் தொடங்குகிறாள். பூசாரி பேயை விசாரிக்கிறார். இறுதியில் அவள் கல்லைச் சுமந்து புளியமரத்தை நோக்கி ஓட, அவளது முடிக்கற்றை மரத்தில் ஆணியால் அறையப்படுகிறது. பேய் அங்கே தங்கிவிட, பெண் கணவனிடம் திரும்புகிறாள்.

ஆவியேற்றத்தை ஒடுக்கப்பட்டோரின் மறைமுக எதிர்ப்பாக விளக்குவது ஐ. எம். லூயிஸ் 1971இல் முன்வைத்த புகழ்பெற்ற கருத்து. நபோகோவ் அதிலிருந்து விலகுகிறார். சடங்கு பெண்ணின் மனக்குறைக்கு வாய் தருவதைவிட, ‘காதலனாகிய பேய்’ என்னும் ஆயத்தக் கதையை அவள்மீது சுமத்தி, அக்கதையைத் துரத்துவதன் வழியாக அவளை மீண்டும் மனைவியாக்குகிறது என்பது அவரது வாதம்.

இவ்விரண்டு கருத்துகளுக்கும் இடையே முடிவு செய்வதற்கு விசாரணையின் வினாக்கள் உதவுகின்றன. நீ யார், எந்த ஊர், எப்படிச் செத்தாய், இவளை எங்கே பிடித்தாய் என்பன பேயிடம் கேட்கப்படும் வினாக்கள். கணவன் வீட்டில் உனக்கு என்ன நேர்ந்தது என்று பெண்ணிடம் கேட்கும் வினாவுக்குச் சடங்கின் அமைப்பில் இடமில்லை. அவள் மறுப்பதன் காரணம் அடியாக இருக்கலாம்; விருப்பமற்ற உடலுறவாக இருக்கலாம்; வேறாகவும் இருக்கலாம். எதுவாயினும் அது வெளியிலிருந்து வந்து ஏறிய ஒன்றாக மாற்றப்படுகிறது. பெண்ணின் மறுப்பு ஊரார் முன் ஒலிக்கிறது. ஆனால் அது அவளது மறுப்பாகப் பதிவாவதில்லை. எதிர்ப்பு நிகழ்கிறது என்னும் அளவில் லூயிஸின் கருத்துக்கு இடமுண்டு. அதன் பொருளை முடிவு செய்பவள் அவளல்லள் என்னும் அளவில் நபோகோவின் கருத்தே வலுவுடையது.

3. தெருவில் எழும் குரல்

இதே சிக்கலை அதற்குள்ளிருந்து பேசிய தமிழ்ப் பனுவல் பாமாவின் ‘சங்கதி’ (1994). களம் தென்மாவட்டத் தலித் குடியிருப்பு. செஞ்சி வட்டாரத்தின் சடங்கு மரபு அதில் இல்லை. ஆயினும் பேயேறுதலையும் கணவனின் அடியையும் ஒரே நூலுக்குள் அடுத்தடுத்து வைத்துச் சிந்திப்பதால் அது இங்கு இன்றியமையாதது. பேய் ஏன் தம் தெருப் பெண்களை மட்டும் பிடிக்கிறது என்று கதைசொல்லி வினவுகிறாள். ஓய்வற்ற உழைப்பும் வீட்டில் படும் பாடும் மனத்தை நொறுக்குவதே காரணமென எண்ணுகிறாள். பேயிடம் கேட்கப்படாத வினாவை இங்கே ஒரு பெண் பெண்களைக் குறித்துக் கேட்கிறாள்.

அந்நூலின் இராக்கம்மா பேயின் துணையை நாடுவதில்லை. கணவன் அடிக்கும்போது தெருவுக்கு வந்து, கேட்போர் கூசும் வசைகளால் அவனைத் திருப்பி அடிக்கிறாள், கூடியிருந்தோர் கலைகிறார்கள். அவள் அவ்வாறு கத்தியிராவிட்டால் அவன் கொன்றேயிருப்பான் எனக் கதைசொல்லி உணர்கிறாள். வசைமொழி இங்கு உயிர்காக்கும் கருவி. அடித்தவனின் பெயரும் அடிபட்டவளின் பெயரும் மாற்றமின்றி வெளிப்படுவதே பேயின் பேச்சுக்கும் இதற்கும் உள்ள முதன்மையான வேறுபாடு. ஆனால் இக்குரலுக்குத் தொடர்ச்சி இல்லை. அன்றைய அடி நிற்கிறது; மறுநாளும் அவள் அதே வீட்டிலேயே வாழ வேண்டியிருக்கிறது.

4. படிவத்தின் மொழி

தொடர்ச்சியைத் தருவதாகச் சட்டம் முன்வந்தது. 1983இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498ஏ பிரிவும், 1986இல் வரதட்சணை மரணம் குறித்த 304பி பிரிவும் சேர்க்கப்பட்டன. 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கப்பட்டது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது.

கடைசியாகக் கூறிய சட்டம் மொழி வரலாற்றிலும் ஒரு திருப்பம். அதன் விதிகளில் அமைந்த குடும்ப நிகழ்வு அறிக்கைப் படிவம் வன்முறையை உடல்சார்ந்தது, பாலியல் சார்ந்தது, சொல்லும் உள்ளமும் சார்ந்தது, பொருளாதாரம் சார்ந்தது எனப் பகுக்கிறது. கூலியைப் பறித்துக்கொள்வதும் சோற்றுக்குப் பணம் தராமலிருப்பதும் வீட்டை விட்டுத் துரத்துவதும் வன்முறையின் பெயரைப் பெற்றன. முன்பு ‘குடும்பம்னா அப்படித்தான்’ என்று கடந்து செல்லப்பட்டவை சொல்லத்தக்கவை ஆயின. அதே வேளையில், மணவாழ்க்கைக்குள் கட்டாய உறவைப் படிவம் பாலியல் வன்முறையாக ஏற்கையில், தண்டனைச் சட்டம் கணவனுக்கு விலக்களிக்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் 18 வயதுக்கு மேற்பட்ட மனைவியைப் பொறுத்து அவ்விலக்கைத் தொடர்கிறது. ஒரே துன்பம் ஒரு தாளில் பெயர் பெறுகிறது, மறு தாளில் பெயரிழக்கிறது.

கேட்போரின் நிலையையும் நோக்க வேண்டும். லலிதா குமாரி வழக்கின் தீர்ப்பு (2013), முதல் தகவல் அறிக்கைக்கு முன் பூர்வாங்க விசாரணை நடத்தத்தக்க வகைகளுள் மணவாழ்க்கைத் தகராறுகளையும் சேர்த்தது. காவல் நிலையத்திற்கு வரும் மனு வழக்காகுமுன் ஆலோசனையாகவும் சமரசமாகவும் மாற இதனால் வழி அகலமானது. சமரசத்தால் காக்கப்பட்ட குடும்பங்கள் உண்டு என்பதை மறுக்க இயலாது. எனினும், ‘சேர்ந்து வாழ்கிறோம்’ என்னும் எழுத்துறுதியில் முடியும் மனுவும், புளியமரத்தில் முடியும் சடங்கும் எதை வெற்றியாகக் கொள்கின்றன என்னும் வினாவில் நெருங்கி நிற்கின்றன.

5. தீக்காயப் பிரிவின் வெளியே

படிவமும் காவல் நிலையமும் உள்ள காலத்தின் கதை இமையத்தின் ‘செல்லாத பணம்’ (2018). 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற இந்நாவலின் பெரும்பகுதி புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவைச் சுற்றி நிகழ்கிறது. ரேவதி பொறியியல் படித்தவள், தலைமையாசிரியரின் மகள், பெற்றோரின் எதிர்ப்பை மீறி ஆட்டோ ஓட்டும் ரவியை மணந்தவள். அவள் எரிந்து கிடக்கிறாள். தானே கொளுத்திக்கொண்டாளா, கொளுத்தப்பட்டாளா என்பது நாவலை நடத்தும் வினா.

நாவலின் கட்டமைப்பே அதன் கருத்து. ரேவதி உள்ளே, பேச்செல்லாம் வெளியே. தாய், தந்தை, அண்ணன், அண்ணி என ஒவ்வொருவரும் அவளது வாழ்க்கையைத் தத்தம் குற்றவுணர்வுக்கும் சினத்துக்கும் ஏற்பச் சொல்லிப் பார்க்கிறார்கள். ரவிக்கும் தன் தரப்பைச் சொல்ல இடம் கிடைக்கிறது. அதிகம் பேசப்படுபவள் அவள். மிகக் குறைவாகப் பேசுபவளும் அவள். ‘நீயாகத் தேடிக்கொண்டது’ என்னும் மனநிலை, காதல் மணம் செய்த பெண்ணுக்குத் தாய்வீட்டின் கதவு எவ்வாறு அடைபடுகிறது என்பதைத் துலக்குகிறது. படிப்பும் சட்டமும் இருந்தும், தாய்வீடு கேட்க மறுத்தால் சொல்லுக்குப் போகுமிடம் இல்லை.

இச்சூழலில் மரண வாக்குமூலத்தின் நிலை ஆழ்ந்து நோக்கத்தக்கது. 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 32ஆம் பிரிவும், அதன் இடத்தில் வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 26ஆம் பிரிவும் இறந்தோர் தம் இறப்பின் காரணம் குறித்துக் கூறியதைச் சான்றாக ஏற்கின்றன. உயிரோடிருந்தபோது குடும்பத் தகராறாகக் கேட்கப்பட்ட அதே சொல், சாகும் தறுவாயில் சான்றாகக் கேட்கப்படுகிறது. இம்முரண் சட்ட நூல்களில் எளிதில் புலப்படாது. மருத்துவமனை வராந்தாவில் காத்திருப்போரைக் காட்டும் புனைவு அதைப் புலப்படுத்துகிறது.

6. எண்களை வாசித்தல்

இப்பின்னணியில் எண்களுக்குத் திரும்பலாம். கர்நாடகத்தில் நான்காம் தேசிய ஆய்வில் (2015-16) ஏறத்தாழ 21 விழுக்காடாக இருந்த எண், ஐந்தாம் ஆய்வில் ஏறத்தாழ 44 ஆயிற்று. சில ஆண்டுகளில் வன்முறை இருமடங்கானது என்பதைவிட, கேட்ட சூழலும் சொன்ன துணிவும் மாறியிருக்கக்கூடும் என்பதே பொருத்தமான ஐயம். அவ்வாறாயின் தமிழ்நாட்டின் சிறிய சரிவையும் அதே ஐயத்தோடு வாசிக்க வேண்டும். எண் உயர்வதைத் துணிவின் உயர்வாகவும், குறைவதை வன்முறையின் குறைவாகவும் ஏற்புடையபோதெல்லாம் மாற்றி மாற்றி விளக்குவது முறையியல் ஆகாது.

இந்திய அளவிலான மற்றோர் எண் இவ்வையத்தை வலுப்படுத்துகிறது. வன்முறைக்கு ஆளானோருள் உதவி நாடியோர் மூன்றாம் ஆய்வில் ஏறத்தாழ 24 விழுக்காட்டினர். ஐந்தாம் ஆய்வில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினர். புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த பின்னரான ஒன்றரைப் பத்தாண்டில் உதவி நாடுதல் சுருங்கியிருக்கிறது. நாடியோரிலும் பெரும்பாலோர் சென்றது தம் பிறந்த குடும்பத்திடமே. ரேவதியின் கதவு அடைபட்டதும் அங்கேதான்.

முடிவுரை

பேய், வசை, படிவம், வாக்குமூலம், கணக்கெடுப்பு விடை ஆகிய ஐந்தும் ஒன்றையடுத்து ஒன்று வந்து முந்தையதை நீக்கிய வடிவங்கள் அல்ல. மேல்மலையனூரில் அமாவாசை நள்ளிரவின் ஊஞ்சல் உற்சவத்திற்குத் திரளும் பெண்களுக்குக் காவல் நிலையமும் நீதிமன்றமும் புதியவை அல்ல. அங்கும் சென்று இங்கும் வருவோர் உளர். மாறியவை இரண்டு. அடித்தவனின் பெயரைச் சொல்லும் உரிமை பெண்ணுக்குக் கிட்டியுள்ளது. அடியல்லாத கொடுமைகளுக்கும் பெயர் கிட்டியுள்ளது. மாறாதது ஒன்று: கேட்போர் அவள் திரும்பிச் செல்வதையே தீர்வாக எதிர்நோக்குகின்றனர்.

எனவே இத்துறை ஆய்வுகள் பெண் கூறிய விடையோடு, அது கேட்கப்பட்ட சூழலையும் தரவாகக் கொள்ள வேண்டும். வினவியவர் யார், அருகில் இருந்தவர் யார், விடைக்குப் பின் அவள் எங்கே சென்றாள் என்பவை பதிவாக வேண்டும். சடங்குப் பேச்சும் மனுப் பதிவேடும் புனைவும் கணக்கெடுப்பும் அருகருகே வைத்து வாசிக்கப்படும்போதுதான் 42இலிருந்து 38க்கு இறங்கிய எண்ணுக்குள் எவ்வளவு ஆறுதல், எவ்வளவு மௌனம் என்பதைப் பிரித்தறிய இயலும்.