குதிகால் இல்லாத காலுறை

எலிசபெத் சிம்மர்மேனின் ‘நிட்டிங் வித்அவுட் டியர்ஸ்’ 1971இல் அமெரிக்காவில் வெளியானது. நான் அதைப் படித்தது 2019 டிசம்பர் கடைசியில். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. படித்தேன் என்பதுகூடச் சரியில்லை. பெங்களூரில் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கி, லீவுக்கு ஊருக்குக் கொண்டுபோய், அம்மாவுக்குப் பக்கம் பக்கமாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். அம்மாவுக்கு ஆங்கிலம் மருந்துச்சீட்டு அளவுக்குத்தான். முப்பது வருஷம் கிராம சுகாதார செவிலியர். அதில் ஏழு வருஷம் கல்வராயன் மலையில். பின்னல் மட்டும் அத்துப்படி.

ஒரு புத்தகத்தை எடைபோட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. விஷயம் தெரிந்த, மொழி தெரியாத ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சில பக்கங்கள் தமிழில் வந்ததும் செத்துப்போகும். சில, நாம் சொல்லி முடிக்கும் முன்பே எதிரில் இருப்பவர் வாயிலிருந்து வந்துவிடும்.

வழக்கமான பின்னல் குறிப்புகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு நிட், இரண்டு பர்ல், நட்சத்திரக் குறியிலிருந்து மறுபடி செய், அப்புறம் மூன்றாம் வரிசை. எனக்கு அது அசெம்பிளி மொழி மாதிரி இருந்தது. எந்திரத்துக்கு இடப்படும் கட்டளை, எந்திரம் நாம்தான். ஏன் இந்த வரிசையில் நான்கு கண்ணிகள் குறைகின்றன என்று குறிப்பு சொல்லாது. நீயும் கேட்காதே என்பது அதன் தொனி.

சிம்மர்மேன் அந்தத் தொனியை உடைத்தவர். இந்தப் புத்தகத்தின் சாதனை அதுதான். கையில் ஒரு கண்ணி எவ்வளவு அகலம் வருகிறது என்று முதலில் பார்த்துக்கொள். மார்புச் சுற்றளவுக்கு எத்தனை கண்ணி வேண்டுமோ அதை நூறு என்று வை. மணிக்கட்டுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு, மேல்கைக்கு மூன்றில் ஒரு பங்கு. அவ்வளவுதான், இனி எந்த நூலிலும், எந்த உடம்புக்கும் நீயே ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளலாம். நூறு குறிப்புகளை ஒரே ஃபங்ஷனாகச் சுருக்கிவிட்டார் என்று அம்மாவிடம் உற்சாகமாகச் சொன்னேன். “நம்ம டெய்லர் பாய் பிளவுஸ் வெட்டுறப்ப புஸ்தகமா பாக்குறாரு?” என்றார். யோசிக்காமல் குறிப்பைப் பின்தொடர்பவர்களை சிம்மர்மேன் கேலியாகக் குறிப்பிடும் சொல்லை ‘குருட்டுத் தொண்டர்’ என்று மொழிபெயர்த்தேன். அதற்கு அம்மா ரொம்ப நேரம் சிரித்தார். தமிழ்நாட்டில் அதற்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

ஆளைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். 1910இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கணவர் ஜெர்மானியர், பியர் வடிக்கும் தொழில். 1937இல் இருவரும் அமெரிக்கா போனார்கள். பிற்பாடு விஸ்கான்சினில் ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் குடியிருந்தார்கள். கணவர் ஓட்டும் மோட்டார் சைக்கிளின் பின் சீட்டில் உட்கார்ந்து பின்னிக்கொண்டே போவார் என்பது பிரசித்தம். ஒரு பத்திரிகைக்கு வட்டமாகப் பின்னும் ஸ்வெட்டருக்கான குறிப்பை அனுப்பினார். ஆசிரியர் குழு அதை முன்பக்கம், பின்பக்கம் என்று தனித்தனித் துண்டுகளாகப் பின்னித் தைக்கும்படி மாற்றிப் போட்டுவிட்டது. வாசகிகளுக்கு அதுதான் பழக்கமாம். கோபம் 1958இல் சொந்தமாக ஒரு செய்தி மடலாக வந்தது, அடுத்த வருஷம் ஸ்கூல்ஹவுஸ் பிரஸ். எடிட்டரால் நொந்துபோய்ச் சிற்றிதழ் தொடங்கிய கதைகள் நம்மிடமும் நிறைய உண்டு. ஆனால் கம்பளி நூல் விற்ற காசில் நிலைத்து நின்றது நமக்குத் தெரிந்து எதுவும் இல்லை.

அவருடைய சொற்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது, ‘இன்வென்ட்’ என்பதை மறுத்து அவர் உண்டாக்கிய ‘அன்வென்ட்’. இரண்டு குச்சியும் நூலும் இருந்த ஏதோ ஒரு மூலையில் யாரோ ஒருத்தி இதை முன்பே செய்திருப்பாள், நான் தோண்டி எடுக்கிறேன் அவ்வளவுதான் என்பது அதன் பொருள். தமிழில் இதற்குக் கஷ்டப்படவே வேண்டாம். கண்டுபிடிப்பு அல்ல, கண்டெடுப்பு. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் எகிப்தின் ஆக்ஸிரிங்கஸில் கிடைத்த சிவப்புக் கம்பளிக் காலுறை ஒரு ஜோடி இருக்கிறது. ஏறக்குறைய 1600 வருஷம் பழையது. செருப்பு வாருக்காகப் பெருவிரலைத் தனியே பிரித்து, ஒற்றை ஊசியால் முடைந்தது. பின்னியவள் பெயர் கிடையாது. கண்டெடுப்பவர்கள் வந்தபோதும் காலுறைதான் கிடைத்தது.

இது நம் பக்கத்திலும் நடந்ததுதான். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856. எந்தப் பொறியியல் கல்லூரிப் பட்டிமன்றத்திலும் அவர் பெயர் இரண்டு முறையாவது அடிபடும். அவர் மனைவி எலைசா இடையன்குடிப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார் என்பதும், எலைசாவின் தாய் மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் அதற்கு முன்பே லேஸ் பள்ளி நடத்தினார் என்பதும் எத்தனை பேருக்குத் தெரியும்? இலக்கணம் புத்தகமாயிற்று. லேஸ் கையிலிருந்து கைக்குப் போயிற்று. கையால் பின்னுவதன் வரலாற்றை முதலில் தடித்த நூலாக எழுதியவரும் ஒரு பாதிரியார்தான் என்பது வேடிக்கை. ரிச்சர்ட் ரட், ஆங்கிலிகன் பிஷப். கொரியாவில் பணியாற்றி, அதன் பழங்கவிதைகளை மொழிபெயர்த்தவர். அவருடைய பின்னல் வரலாறு 1987இல் வந்தது.

இனி காலுறைக்கு வருகிறேன். சிம்மர்மேனின் உயிர் ஸ்வெட்டரில்தான் இருக்கிறது. காலுறைக்கு இந்தப் புத்தகம் தருவது கொஞ்சம்தான். ஆனால் என்னைப் பிடித்தது காலுறைதான், குறிப்பாகக் குதிகால். குழாய் மாதிரி நேராக இறங்கிக்கொண்டிருக்கிற பின்னல் எப்படிச் செங்குத்தாக வளைகிறது? வெட்டுவதில்லை, தைப்பதில்லை. வரிசையை முழுக்க முடிக்காமல் நடுவிலேயே திரும்பி வருகிறோம். அடுத்த முறை ஒரு கண்ணி கூடுதலாகப் போய்த் திரும்புகிறோம். இப்படி நாலைந்து தடவை போய்வந்தால், ஊசியில் தானாகவே ஒரு கிண்ணம் உருவாகிவிடும். ராத்திரி ஒரு மணிக்கு அது என் கையில் முதல் தடவை நடந்தபோது, ஆறு மாதமாக ஓடாத ஒரு மாட்யூல் ஓடினமாதிரி கத்தினேன். அம்மா எழுந்து வந்து, “பாம்பா?” என்று கேட்டார்.

மறுநாள் காலை, பிறந்த குழந்தைக்கான அளவில் நான் போட்ட காலுறையைக் காட்டினேன். குதிகாலோடு. அம்மா பீரோவிலிருந்து அவருடையதை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். அதில் குதிகாலே இல்லை. திருகாணி மாதிரிச் சுற்றிச் சுற்றி இறங்கும் வரிகள், கடைசியில் மூடிய விரல்முனை.

1990களில் அம்மாவுக்கு வெள்ளிமலைப் பக்கம் போஸ்டிங். கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி ஏறவேண்டும். இரண்டாயிரம், மூவாயிரம் அடி உயரம்தான். ஊட்டிக்காரர்கள் இதை மலை என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் மார்கழி விடியற்காலையில் பிறந்த இரண்டு கிலோ குழந்தைக்கு அந்தக் குளிர் போதும். பிறந்த குழந்தையின் உடம்புச் சூடு தலைவழியாகவும் கைகால்வழியாகவும்தான் வேகமாகப் போகும். 1978இல் போகோட்டாவில் டாக்டர் எட்கர் ரே தொடங்கிய கங்காரு முறையில், தாயின் மார்போடு ஒட்டிவைக்கும் குழந்தைக்கு உடுப்பு கிட்டத்தட்ட மூன்றே மூன்று: தொப்பி, அரைத்துணி, காலுறை. அம்மா அதைப் பயிற்சி வகுப்பில் கேட்டது பல வருஷம் கழித்து. அதற்கு முன்பே குன்னூரிலிருந்து வந்திருந்த ஒரு டீச்சரம்மாவும், அங்கன்வாடி அக்கா ஒருவரும், அம்மாவும் சாயங்காலம் மூன்று பேராக உட்கார்ந்து சாக்ஸ் போடத் தொடங்கியிருந்தார்கள். ஊசி கிடைக்காது. கள்ளக்குறிச்சியில் ஒரு சைக்கிள் கடையில் போக்ஸ் கம்பியை வெட்டி, இரண்டு முனையையும் சாணை பிடித்து வாங்கினார்களாம். ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தடிமன். இன்றைக்கு காலுறைக்கு என்று விலை உயர்ந்த ஊசி விற்கிறவர்களும் அந்த அளவைத்தான் விற்கிறார்கள்.

டீச்சரம்மாவுக்குக் குதிகால் போடத் தெரியும். அவர்தான் கற்றுக்கொடுத்தார். குதிகாலை விட்டது அம்மாவும் அங்கன்வாடி அக்காவும். 32 கண்ணி, இரண்டு நேர், இரண்டு மறி, நாலு சுற்று. ஐந்தாம் சுற்றில் ஒரு கண்ணி தள்ளித் தொடங்கவேண்டும். மறுபடி நாலு சுற்று, மறுபடி ஒன்று தள்ளி. வரிகள் சாய்ந்து சுழல ஆரம்பிக்கும். அந்தச் சாய்வுதான் கணுக்காலைச் சுருக்கமில்லாமல் பிடித்துக்கொள்கிறது. எங்கள் தொழிலில் ஒன்று தள்ளிப்போவதற்கு ‘ஆஃப் பை ஒன்’ என்று பெயர். எத்தனையோ ராத்திரித் தூக்கம் அந்த ஒன்றைத் தேடிப் போயிருக்கிறது.

“உன்னுது அழகாத்தான் இருக்கு,” என்றார் அம்மா. “ஆனா புள்ள கால் ஒரு மாசத்துல வளந்துடும்டா. அப்ப இந்தக் குதிகால் உள்ளங்கால்ல வந்து நிக்கும். என்னுத எப்படித் திருப்பிப் போட்டாலும் சேரும். இருட்டுல போட்டாலும் சேரும்.”

உலகப் போர்க் காலங்களில் சிப்பாய்களுக்கும் காயம்பட்டவர்களுக்கும் இப்படிக் குதிகால் இல்லாத சுழல் காலுறை பின்னி அனுப்பியிருக்கிறார்கள் என்பது அப்புறம் தேடியபோது தெரிந்தது. அம்மாவிடம் சொன்னேன். பெருமையும் படவில்லை, ஏமாற்றமும் இல்லை. “அவங்களுக்கும் தோணியிருக்கும்.” சிம்மர்மேன் ஒரு பக்கம் செலவழித்து விளக்கியது இந்த இரண்டு சொல்லில் முடிந்துவிட்டது.

அம்மா பீரோவில் பத்திரமாக வைத்திருந்த அந்த ஜோடி அவர் கொடுத்ததுதான், ஆனால் திரும்பி வந்தது. குழந்தை வளர்ந்ததும் துவைத்துக் கொண்டுவந்து, “நர்சம்மா, அடுத்த புள்ளைக்குக் குடுங்க” என்று தந்துவிட்டுப் போவார்களாம். யாரும் சொல்லி வந்த ஏற்பாடு அல்ல. ஒரே ஜோடி ஐந்தாறு கால்களுக்குப் போயிருக்கிறது. இந்த ஜோடியில் விரல்முனை தேய்ந்த இடத்தை, பின்னல் தெரியாத யாரோ ஒருத்தி மஞ்சள் தையல் நூலால் குறுக்கும் நெடுக்குமாக நெய்து அடைத்திருந்தாள். பிற்காலத்தில் சிம்மர்மேன், தேய்ந்த அடிப்பாகத்தை மட்டும் பிரித்துப் புதிதாகப் பின்னக்கூடிய காலுறை ஒன்றை வடிவமைத்தார். புத்திசாலித்தனமானது, எனக்குப் பிடிக்கும். ஆனால் அதில் பின்னியவளே சரிசெய்கிறாள். மஞ்சள் நூல்காரிக்கு அந்தப் புத்தகத்தில் இடம் இல்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து பின்னுகிறவர்களின் நட்பை அவ்வளவு பிரியமாக எழுதியவர், போட்டுக்கொள்பவர்களை அளவுகளாக மட்டுமே பார்த்துவிட்டாரோ என்று எனக்குத் தோன்றியது அங்கேதான்.

இன்னொரு குறையும் உண்டு. அவர் கம்பளிப் பக்தை. செயற்கை இழை என்றால் முகம் சுளிப்பார். நம் ஊர்க் கடையில் ‘உல்லன் நூல்’ என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக்தான். வெந்நீரில் துவைத்தாலும் சுருங்காது, விலையும் குறைவு. ஐந்தாறு குழந்தைகளின் கழிவு பட்டு, ஐந்தாறு முறை வெந்நீரில் அலசப்படும் காலுறைக்கு எது நல்லது என்பதில் நான் அம்மா பக்கம்.

திருப்பூரை மறந்து பின்னலைப் பற்றித் தமிழில் எழுதவும் முடியாது. நமக்குப் பின்னலாடை என்றால் சம்பளம், ஓவர்டைம், பஞ்சுத் தூசி. என் பெரியம்மா மகன் அங்கே வட்டப் பின்னல் எந்திரத்தில் வேலை செய்கிறான். 1589இல் வில்லியம் லீ முதல் காலுறைப் பின்னல் எந்திரத்தைச் செய்ததிலிருந்து ஒரு நேர்க்கோடு போட்டால் அவனிடம் வந்து நிற்கும். கையால் பின்னினால் மனம் அமைதியாகிறது, தியானம் கைகூடுகிறது என்று இப்போது புத்தகம் புத்தகமாக வருகிறதே, அவற்றில் ஒன்றையாவது அவன் கையில் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. சிம்மர்மேனை மட்டும் கொடுப்பேன். அவர் அமைதியை விற்கவில்லை. கண்ணி எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறார். பெரியம்மா மகன் ஒரு துணியைத் தடவிப் பார்த்து எந்த இடத்தில் ஊசி உடைந்தது என்று சொல்லிவிடுவான். அவர்கள் இருவரும் பேசிக்கொள்ள நிறைய இருந்திருக்கும்.

போன மார்கழியில் அம்மாவின் கைவிரல்கள் வீங்கிவிட்டன. ஒரு காலுறை முடிந்து இன்னொன்று பாதியில் நின்றது. நான் வாங்கிக்கொண்டேன். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குத் தை மாதம் பிரசவம். குதிகால் இல்லை, நாலு சுற்றுக்கு ஒன்று தள்ளி, விரல்முனையில் கண்ணிகளை ஒன்றோடொன்று கோத்து மூடினேன். அம்மா வாங்கி, வெளிப்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. உள்ளே கட்டைவிரலை நுழைத்துச் சுற்றித் தடவினார். ஓர் இடத்தில் நின்றார்.

“உள்ள ஒரு முடிச்சு இருக்கு. நூல் தொங்குது. புள்ள விரல்ல சுத்திக்கும்டா. பிரி.”

விரல்முனை வரைக்கும் பிரித்தேன்.