செத்தது சாலை இல்லை

‘சைலன்ட் ஹில்’ (2006) படத்தை ரெண்டாவது தடவை பார்த்தேன். சாம்பல் மழையாகக் கொட்டும் ஊர், ஆளில்லாத தெரு, பள்ளத்தில் போய் அறுந்து நிற்கும் சாலை. திரைக்கதை எழுதிய ரோஜர் அவரி, பென்சில்வேனியாவின் சென்ட்ரேலியாவை மனதில் வைத்துத்தான் எழுதினார். (1999இல் வந்த கொனாமி விளையாட்டுக்கும் இந்த ஊர்தான் மூலம்னு இணையத்தில் பாதிப்பேர் சொல்றாங்க. அது தப்பு.)

படத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. பேய்ப்படம் பேயைத்தானே காட்டும்! கோபமெல்லாம் அதற்குப் பிறகு வந்த ‘பேய்ச்சாலை’ வீடியோக்கள் மேல்தான். எல்லாமே ஒரே அச்சு. விரிசல் விட்ட தார், அதன்மேல் ஸ்பிரே பெயின்ட் கிறுக்கல், 1962இல் குப்பைக்குழியிலிருந்து நிலக்கரிக்குத் தாவிய தீ, கடைசியில் சோக இசை.

ஆனால் 61ஆம் எண் மாநில நெடுஞ்சாலை ஒரே நாளில் பிளந்து செத்துப்போகவில்லை. அடியில் நிலக்கரி எரிய எரிய மேலே தரை இறங்கும், தார் பிளக்கும். ஒட்டுப் போடுவார்கள், மறுபடி இறங்கும். வேலை நடக்கும்போது வண்டிகளை மாற்றுப்பாதையில் திருப்பிவிடுவார்கள். 1993இல் ஒட்டுப் போட்டு அலுத்துப்போய், பழைய பாதையின் ரெண்டு முனையிலும் மண்ணைக் குவித்து அடைத்துவிட்டு, அந்த மாற்றுப்பாதையையே 61 ஆக்கிவிட்டார்கள். கைவிட்டது ஏறக்குறைய முக்கால் மைல், அவ்வளவுதான். மற்றபடி 61 இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு.

சரி, நகர்ந்த சாலை எது வழியாகப் போச்சு? பைர்ன்ஸ்வில் வழியாக. 1856இல் குடியேறிய சின்ன ஐரிஷ் கத்தோலிக்கக் கிராமம் அது. அதே தீதான் அதையும் காலி பண்ணியது. கடைசி வீட்டை 1996இல் இடித்தார்கள். மலைச்சரிவில் ஒரு கெபி மட்டும் மிஞ்சியது. கைவிட்ட சாலையைப் பார்க்கணும்னு காரில் போகிறவர், காணாமல்போன ஒரு ஊரைத் தாண்டித்தான் போகிறார். நான் பார்த்த பத்துப் பன்னிரண்டு வீடியோவில் ஒன்றில்கூட அந்தப் பெயர் வரவில்லை.

பணக்கணக்கும் வருவதில்லை. ஆரம்ப வருடங்களில் தீயை அணைக்கும் வேலை நிதி தீர்ந்து பாதியில் நின்றது. 1984இல் ஆட்களை வெளியேற்ற அமெரிக்கக் காங்கிரஸ் 4 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. போகமாட்டேன் என்றவர்களின் வீடுகளை 1992இல் ஆளுநர் பாப் கேசி சட்டப்படி கையகப்படுத்தினார். 1980இல் ஆயிரம் பேருக்கு மேல் இருந்த ஊரில் 2020 கணக்கெடுப்பில் 5 பேர். சாம்பல் மழையை விட எனக்கு இதுதான் திகில்.

2020 ஏப்ரலில் நிலத்தின் உரிமையாளர் லாரி லாரியாக மண்ணைக் கொட்டி அந்த முக்கால் மைலையும் மூடிவிட்டார். வரலாறே புதைந்துபோச்சுன்னு ஒரே புலம்பல். புதைந்தது கிறுக்கல். பைர்ன்ஸ்வில்லை இடித்தபோது யாரும் கேமராவோடு வரிசையில் நின்ற மாதிரி தெரியலை.